ஆன்சல் ஆடம்ஸ் யாரிடம் எதைக் கற்றார்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்க நிலக்காட்சி ஒளிப்படக்காரர் ஆன்சல் ஆடம்ஸ் (1902–1984) எந்தக் கலையிலிருந்து, எந்தக் கலைஞரிடமிருந்து எதை எடுத்துக்கொண்டார் என்ற கேள்வி கறுப்பு-வெள்ளையில் மலையும் வானமும் எடுப்பவர்களிடம் திரும்பத் திரும்ப வருகிறது. பதில்களோடு செய்முறையும் சேர்த்திருக்கிறோம். ஃபிலிமில் எடுப்பவர்களுக்கும் டிஜிட்டலில் எடுப்பவர்களுக்கும் தனித்தனியாக எது பொருந்தும் என்பதை ஆங்காங்கே சொல்லியிருக்கிறோம்.

ஒரே வரியில் கேட்டால், அவர்மீது அதிகம் தாக்கம் செலுத்தியது யார்?

ஆள் என்றால் ஒளிப்படக்காரர் பால் ஸ்ட்ராண்ட். கலை என்றால் பியானோ. எதிர்த்து நின்று கற்றுக்கொண்டது என்றால் அவரே இளமையில் பின்பற்றிய, ஓவியம் போல மங்கலாக எடுக்கும் பிக்டோரியலிசம். இவற்றில் எதுவும் அவருக்குப் பாடுபொருளைத் தரவில்லை என்பதைக் கவனியுங்கள். கலிஃபோர்னியாவின் யோசெமிட்டிப் பள்ளத்தாக்கு அவருக்கு 1916-லேயே கிடைத்துவிட்டது. குடும்பத்தோடு போனபோது கையில் இருந்தது கோடக் பாக்ஸ் பிரவுனி கேமரா. தாக்கங்கள் எல்லாம் வந்து சேர்ந்தது வேலை செய்யும் முறையில்தான்: எந்த ஃபில்டர், எந்தத் தாள், எந்த அபர்ச்சர் (லென்ஸின் திறப்பு), நெகட்டிவை எவ்வளவு நேரம் டெவலப் செய்வது, பிரிண்டில் எந்த மூலையை எத்தனை விநாடி கறுக்க வைப்பது என்பதில். அவரிடமிருந்து கற்க வருபவர்களும் அங்கேதான் தேட வேண்டும். அவர் நின்ற பாறையைத் தேடிப் போய் முக்காலி விரிப்பதால் பெரிதாக ஒன்றும் கிடைக்காது.

பியானோவுக்கும் ஒளிப்படத்துக்கும் என்ன சம்பந்தம்?

பன்னிரண்டு வயதில் வாசிக்கத் தொடங்கியவர், 1920-கள் முழுக்கக் கச்சேரிப் பியானோக் கலைஞராவதைத்தான் தொழிலாக நினைத்திருந்தார். 1925-இல் மேசன் அண்ட் ஹாம்லின் கிராண்ட் பியானோ ஒன்றை வாங்கினார். 1930-இல்தான் ஒளிப்படம் என்று முடிவானது.

நெகட்டிவ் இசைக்குறிப்பு, பிரிண்ட் அதன் வாசிப்பு என்று அவர் சொன்னது எல்லோருக்கும் தெரிந்ததே. கர்நாடக சங்கீதம் கேட்டுப் பழகியவர்கள் இதைக் கேட்டதும் மனோதர்மம் என்று எடுத்துக்கொள்வதுண்டு. அவர் சொன்னது அதுவல்ல. ஐரோப்பிய மரபில் குறிப்பில் இருக்கும் ஸ்வரம் ஒன்றையும் வாசிப்பவர் மாற்ற மாட்டார். எதை மெல்ல, எதை ஓங்கி, எங்கே நிதானித்து என்பதில்தான் வாசிப்புக்கு வாசிப்பு வேறுபாடு. ஆடம்ஸும் மலையை நகர்த்தவில்லை, வேறொரு படத்து மேகத்தைக் கொண்டுவந்து ஒட்டவில்லை. மேகம் எவ்வளவு வெளுப்பு, பாறை எவ்வளவு கறுப்பு என்பதை மட்டும் முப்பது வருடங்களில் பலமுறை மாற்றினார்.

இருட்டறையில் இந்தப் பழக்கம் எப்படித் தெரியும் என்றால், இப்படி. முதலில் 5 விநாடி இடைவெளியில் ஒரு சோதனைத் துண்டு எடுங்கள். வெளிச்சமான பகுதியில் விவரம் சரியாக வரும் நேரம் எதுவோ அதுவே அடிப்படை எக்ஸ்போஷர். அந்த நேரத்தில் கறுப்பு போதுமான அளவு வராவிட்டால் நேரத்தைக் கூட்டாமல் தாளின் கான்ட்ராஸ்ட் கிரேடை மாற்றுங்கள். பிறகு ஒரு கழிவு பிரிண்டின் மேல் பென்சிலால் திட்டம் எழுதுங்கள்: மொத்தம் 20 விநாடி, முன்புறப் புல்லுக்கு 4 விநாடி டாட்ஜிங் (அட்டையால் ஒளியை மறைத்து வெளுக்க வைப்பது), மேல் வானத்துக்குக் கூடுதலாக 10 விநாடி பர்னிங் (மற்ற இடத்தை மறைத்து அங்கே மட்டும் ஒளியைக் கூட்டிக் கறுக்க வைப்பது), இரண்டு கீழ் மூலைகளுக்கும் 3 விநாடி. இந்தத் தாள்தான் உங்கள் வாசிப்புக் குறிப்பு. ஆறு மாதம் கழித்து அதே படத்தை மறுபடி பிரிண்ட் செய்யும்போது இது இல்லாமல் திண்டாடுவீர்கள்.

பொதுவாகக் கெடுவது மூன்று. அட்டையை அசைக்காமல் பிடித்தால் மலை விளிம்பில் வெள்ளைக் கோடு நிற்கும். அட்டை தாளுக்கு மிக அருகில் இருந்தால் நிழல் கூர்மையாகி டாட்ஜ் செய்த இடம் வெளியே தெரியும். லென்ஸுக்கும் தாளுக்கும் நடுவில் வைத்து ஓயாமல் அசைத்துக்கொண்டே இருங்கள். மூன்றாவது, ஈரத் தாளில் பார்த்து முடிவு செய்வது. காய்ந்ததும் வெளிச்சப் பகுதிகள் சற்று மங்கும், படம் சோபை இழக்கும். ஆடம்ஸ் பிற்காலத்தில் சோதனைத் துண்டுகளை மைக்ரோவேவ் அடுப்பில் காயவைத்துப் பார்த்தார்!

ஆரம்பகாலப் படங்கள் ஏன் மங்கலாக, ஓவியம் போல இருக்கின்றன?

அந்தக் காலத்தில் ‘கலை’ ஒளிப்படம் என்றால் அதுதான். பிக்டோரியலிசம் என்ற அந்தப் போக்கில் மென்மையாகப் பதியும் லென்ஸ், சொரசொரப்பான தாள், கைவேலை தெரியும் பிரிண்ட் எல்லாம் மதிப்புக்குரியவை. 1921-இல் லையல் ஃபோர்க் ஓடைக்கரையில் எடுத்த லாட்ஜ்போல் பைன் மரங்களின் படம் இதற்கு நல்ல உதாரணம். மென்குவிய லென்ஸில் வெயில் இலைகளைச் சுற்றிக் கசிந்து நிற்கும்.

புரோமாயில் முறையையும் அவர் கொஞ்ச காலம் முயன்று பார்த்தார். அந்த முறையில் சாதாரண புரோமைடு பிரிண்டைச் செப்பு சல்ஃபேட், பொட்டாசியம் புரோமைடு, பொட்டாசியம் டைக்ரோமேட் கலந்த கரைசலில் இட்டு வெளுப்பார்கள். வெள்ளி போகும், ஆனால் வெள்ளி அடர்ந்திருந்த இடங்களில் ஜெலட்டின் இறுகிவிடும். பிறகு தண்ணீரில் ஊறவைத்தால் இறுகாத இடம் நீரை உறிஞ்சி உப்பும், இறுகிய இடம் உப்பாது. பிரஷால் எண்ணெய் மசியைத் தட்டித் தட்டி ஏற்றும்போது இறுகிய நிழல் பகுதிகள் மசியைப் பிடிக்கும், நீர் நிறைந்த வெளிச்சப் பகுதிகள் தள்ளிவிடும். இன்று செய்து பார்ப்பவர்களுக்கு முதல் தடை தாள்தான். மேற்பூச்சு கெட்டியாக உள்ள தாள்கள் போதிய அளவு உப்பாது, மசி எல்லா இடத்திலும் ஒரே மாதிரி அப்பிக்கொள்ளும். டைக்ரோமேட் நச்சு, கையுறை இல்லாமல் தொடக் கூடாது.

பிக்டோரியலிசத்தைப் பிற்காலத்தில் ஆடம்ஸ் கடுமையாகத் தாக்கினார். ஆனாலும் பிரிண்டைக் கையால் செதுக்கி எடுக்க வேண்டிய தனிப்பொருளாக நினைக்கும் மனப்பான்மை அவரிடம் கடைசி வரை இருந்தது. அது அங்கிருந்து வந்ததுதான் என்பது எங்கள் கருத்து.

1927-இல் எடுத்த ‘மோனோலித்’ படம் திருப்புமுனை என்கிறார்களே, அங்கே யாருடைய தாக்கம்?

நேரடியாக யாருடையதும் இல்லை. 1927 ஏப்ரல் 10 அன்று யோசெமிட்டியின் ஹாஃப் டோம் பாறைச் சுவரை, டைவிங் போர்டு என்னும் பாறை நீட்சியிலிருந்து எடுத்த படம் அது. கொரோனா வியூ கேமரா, ஆறரைக்கு எட்டரை அங்குலக் கண்ணாடித் தட்டுகள். கையில் மிச்சமிருந்தவை இரண்டு தட்டுகள். முதல் தட்டை வழக்கமான மஞ்சள் ஃபில்டர் போட்டு எடுத்தார். எடுத்த பிறகுதான், கண்ணால் பார்த்ததைப் பதித்தோமே தவிர மனத்தில் பட்டதைப் பதிக்கவில்லை என்று தோன்றியது. மனத்தில் இருந்தது கறுத்த வானம், கவிந்து நிற்கும் பாறை. கடைசித் தட்டுக்கு ராட்டன் 29 என்ற அடர்சிவப்பு ஃபில்டர். அந்தத் தட்டுக்கு அதன் காரணி 16, அதாவது 16 மடங்கு ஒளி, 4 ஸ்டாப் கூடுதல் (ஒவ்வொரு ஸ்டாப்புக்கும் ஒளி இருமடங்காகும்). எஃப்/22-இல் 5 விநாடி.

எடுக்கும் முன்பே முடிந்த பிரிண்டை மனத்தில் பார்ப்பதை அவர் ‘விஷுவலைசேஷன்’ என்றார். வாசிக்கும் முன் ஒலியை மனத்தில் கேட்கப் பழகிய பியானோக்காரருக்கு அது சிரமமான பாய்ச்சலாக இருந்திருக்காது. ஆனால் கண் மாறிய வேகத்தில் கை மாறவில்லை. அதே 1927-இல் புரவலர் ஆல்பர்ட் பெண்டரின் உதவியோடு வெளிவந்த 18 படங்கள் கொண்ட தொகுப்பில் ‘ஒளிப்படம்’ என்ற பெயரையே பதிப்பாளர் தவிர்த்தார். விற்காது என்ற பயம். ‘பார்மீலியன் பிரிண்ட்ஸ்’ என்று ஒரு சொல்லை இட்டுக்கட்டினார்கள்.

டிஜிட்டலில் அந்தச் சிவப்பு ஃபில்டரைப் போடலாமா?

கலர் சென்சாரில் போடாதீர்கள். சென்சாரின் புள்ளிகளில் கால்வாசிதான் சிவப்பைப் பதிபவை. மீதி முக்கால்வாசியில் கிட்டத்தட்ட ஒன்றும் விழாது, விவரமும் போகும் இரைச்சலும் கூடும். ஃபில்டர் இல்லாமல் ராவில் (கேமரா பதப்படுத்தாத கோப்பாக) எடுத்துப் பிறகு கறுப்பு-வெள்ளை மாற்றத்தில் நீலத்தையும் சியானையும் இறக்குங்கள். ஒரேயடியாகக் கீழே இழுத்தால் வானத்தில் புள்ளிகளும் பட்டைகளும் தெரியும், மலை விளிம்பில் வெளிர்க்கோடு வரும். பாதி இறக்கி, மீதியை மாஸ்க் போட்டுக் கறுக்க வைப்பது நல்லது. போலரைசர் உதவும், சூரியனுக்குச் செங்குத்தான திசையில். ஆனால் 24 மி.மீ.க்கும் அகலமான லென்ஸில் வானத்தின் ஒரு பகுதி மட்டும் கறுத்து அசிங்கமாக நிற்கும்.

ஈரக்காற்றும் தூசியும் நிறைந்த வெளிறிய வானத்தில் எந்தச் சிவப்பு ஃபில்டரும் அதிசயம் செய்யாது. வானம் ஆழ்ந்த நீலமாக இருந்தால்தான் கறுக்கும். இன்னொன்று: திறந்த வெளியின் நிழல்களுக்கு வெளிச்சம் தருவது நீல வானம். சிவப்பு ஃபில்டர் அந்த வெளிச்சத்தையும் வெட்டிவிடுவதால் நிழல்கள் வெறும் கறுப்பாகிவிடும். ஃபிலிமில் எடுப்பவர்கள் ஃபில்டர் காரணியோடு நிறுத்தாமல் நிழலுக்காக இன்னும் அரை முதல் ஒரு ஸ்டாப் கொடுப்பது பாதுகாப்பு.

பால் ஸ்ட்ராண்டிடம் என்னதான் பார்த்தார்?

பிரிண்ட் ஒன்றும் பார்க்கவில்லை. 1930 கோடை, நியூ மெக்சிகோவின் டாவோஸ் ஊரில் கலைப் புரவலர் மேபல் டாட்ஜ் லூஹானின் வீட்டுவளாகம். ஸ்ட்ராண்டிடம் காட்டுவதற்கு பிரிண்ட் இல்லை, 4×5 அங்குல நெகட்டிவ்கள்தான் இருந்தன. தெற்கு ஜன்னல் வழியே விழும் வெயிலில் ஒரு வெள்ளைத் தாளை வைத்து, நெகட்டிவை விளிம்பில் மட்டும் பிடித்து, அந்த வெளிச்சத்துக்கு எதிரே பார்க்கச் சொன்னார். நிழலிலும் விவரம், வெளிச்சத்திலும் விவரம், நடுவில் சுத்தமான படிநிலைகள், ஓரம் வரை அடங்கிய அமைப்பு.

அதன் பிறகு ஆடம்ஸ் சொரசொரப்பான தாளைக் கைவிட்டு வழுவழுப்பான தாளுக்கு மாறினார். காரணம் ரசனை மட்டுமல்ல. சொரசொரப்பான மேட் தாள் வெளிச்சத்தை எல்லாத் திசையிலும் சிதறடிப்பதால் அதன் கறுப்பு அடர்சாம்பலாகவே தெரியும். வழுவழுப்பான தாளின் கறுப்பு அதைவிட ஒரு ஸ்டாப்பாவது ஆழம். ஸ்ட்ராண்டின் நெகட்டிவில் பார்த்த படிநிலைகளைத் தாங்கப் பழைய தாளுக்குத் திறன் போதாது. இதற்குச் சற்று முன் 1929–30-இல் அவர் செய்த டாவோஸ் பியூப்ளோ நூலில் (12 படங்கள், 108 பிரதிகள்) மேட் தாளின் அழகு உச்சத்தில் இருக்கிறது. ஒரு காலம் முடிகிற இடத்தில் வந்த நூல்.

நெகட்டிவை அப்படிப் படிக்க நாங்களும் பழகுவது எப்படி?

வெள்ளைத் தாளில் வெளிச்சம் விழட்டும், நெகட்டிவ் தாளிலிருந்து ஒரு சாண் உயரத்தில் இருக்கட்டும். படத்தில் கறுப்பாக வரப்போகும் நிழல், நெகட்டிவில் தெளிந்த பகுதி. அதை ஃபிலிமின் வெற்று ஓரத்தோடு ஒப்பிடுங்கள். இரண்டும் ஒன்றுபோலத் தெளிவாக இருந்தால் எக்ஸ்போஷர் குறைவு. எந்த டெவலப்பரும் அதைக் காப்பாற்றாது. பிறகு மிக அடர்ந்த பகுதியைச் செய்தித்தாளின் மேல் வையுங்கள். எழுத்து மங்கலாகவாவது தெரிய வேண்டும். சுத்தமாகத் தெரியாவிட்டால் டெவலப்பிங் அதிகம்.

டிஜிட்டலில் படத்தை நிறம் தலைகீழாக்கி இடவலமாகவும் திருப்பிப் பாருங்கள். மலை, மரம் என்ற பெயர்கள் மறந்து வெறும் வடிவங்களும் அடர்த்திகளும் தெரியும். எந்த மூலை கனக்கிறது என்பது உடனே பிடிபடும்.

எஃப்/64 குழு என்றால் என்ன? நாங்களும் அபர்ச்சரை முழுக்க மூடி எடுக்க வேண்டுமா?

1932 நவம்பர் 15 அன்று சான் ஃபிரான்சிஸ்கோவின் டி யங் அருங்காட்சியகத்தில் கண்காட்சி வைத்த ஏழு பேர்: ஆடம்ஸ், எட்வர்ட் வெஸ்டன், இமோஜென் கன்னிங்ஹாம், வில்லார்ட் வான் டைக், சோன்யா நோஸ்கோவியாக், ஜான் பால் எட்வர்ட்ஸ், ஹென்றி ஸ்விஃப்ட். வேறு நால்வரின் படங்களையும் சேர்த்துக்கொண்டார்கள். எஃப்/64 என்பது அபர்ச்சரின் மிகச் சிறிய திறப்பு. கூர்மை, வழுவழுப்பான தாள், ஓவியத்தைப் போலிசெய்யாத ஒளிப்படம் என்பதே அவர்கள் பேச்சு. குழுவில் ஆடம்ஸுக்கு மிகவும் உதவியது வெஸ்டன்தான். குடைமிளகாயையும் சங்கையும் நெருங்கிப் பார்க்கும் அந்தக் கண், ஆடம்ஸை மலையுச்சியிலிருந்து இறக்கி மரக்கட்டை, பாறைப் பிளவு, இலை பக்கம் கொண்டுவந்தது.

இரண்டாவது கேள்விக்குப் பதில், வேண்டாம். கணக்கைப் பாருங்கள். எஃப்/64-இல் ஒரு ஒளிப்புள்ளி சிதறிப் பரவும் வட்டம் சுமார் 0.086 மி.மீ. 8×10 அங்குல நெகட்டிவைப் பெரிதாக்காமல் நேரடியாகத் தாளில் வைத்து பிரிண்ட் போட்டால் அது அதே அளவில் இருக்கும். சாதாரணப் பார்வைத் தூரத்தில் கண்ணுக்குத் தெரியாது. 35 மி.மீ. ஃபிரேமை அதே பிரிண்ட் அளவுக்குக் கொண்டுவர எட்டு மடங்குக்கு மேல் பெரிதாக்க வேண்டும். அப்போது அதே வட்டம் 0.7 மி.மீ., படம் முழுக்க மெழுகு தடவியது போல. அவர்களுக்கு எஃப்/64 தந்த அதே குவிய ஆழத்தை முழு ஃபிரேம் கேமராவில் எஃப்/8 அல்லது எஃப்/11 தந்துவிடும். எஃப்/16-ஐத் தாண்டுவதற்குத் தக்க காரணம் வேண்டும். கைப்பேசியில் இந்தக் கவலையே இல்லை.

ஸ்டீக்லிட்ஸிடம் என்ன கற்றார்?

1933-இல் நியூயார்க்கில் முதல் சந்திப்பு. ஒளிப்படக்காரரும் காட்சியகம் நடத்தியவருமான ஆல்ஃபிரட் ஸ்டீக்லிட்ஸ், ஆடம்ஸின் தொகுப்பைக் கட்டவிழ்த்து ஒவ்வொரு படமாகப் பார்த்தார், கட்டினார், மறுபடி அவிழ்த்து முதலிலிருந்து பார்த்தார். ஆடம்ஸ் உட்கார அறையில் ரேடியேட்டரைத் தவிர வேறு இடமில்லை. 1936-இல் ஸ்டீக்லிட்ஸின் ‘ஆன் அமெரிக்கன் பிளேஸ்’ காட்சியகத்தில் ஆடம்ஸின் தனிக்கண்காட்சி நடந்தது.

ஸ்டீக்லிட்ஸ் 1922 முதல் மேகங்களை எடுத்து, முதல் தொடருக்கு இசையின் பெயரையே வைத்தார். பிறகு அவற்றை ‘ஈக்விவலென்ட்ஸ்’ என்றார். படத்தில் உள்ள பொருள் எதுவானாலும் எடுத்தவரின் உணர்வுக்கு அது ஈடாக நிற்க வேண்டும் என்பது கருத்து. ஆடம்ஸ் இதை அப்படியே ஏற்றுக்கொண்டார் என்று எழுதுபவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். ஸ்டீக்லிட்ஸின் மேகத்தில் அடிவானம் இருக்காது, எந்த ஊர் வானம் என்று தெரியாது. ஆடம்ஸ் தலைப்பில் இடத்தின் பெயரைக் கடைசி வரை விடவில்லை. தீவிரத்தை எடுத்துக்கொண்டார், இடத்தை விட்டுக்கொடுக்கவில்லை.

அவருக்கு முன்பே யோசெமிட்டியைப் பலர் எடுத்திருக்கிறார்களே?

எடுத்தார்கள். கார்ல்டன் வாட்கின்ஸ் 1861-இல் சுமார் 18×22 அங்குலக் கண்ணாடித் தட்டுகளைக் கோவேறு கழுதைகளில் ஏற்றிக்கொண்டு போனார். ஈரக் கொலோடியன் முறை: தட்டில் கரைசல் ஊற்றி, வெள்ளி நைட்ரேட்டில் முக்கி, காயும் முன் எடுத்து, காயும் முன் கூடாரத்திலேயே டெவலப் செய்ய வேண்டும். மொத்தம் சில நிமிடங்கள்தான். அந்தப் படங்கள் 1864-இல் பள்ளத்தாக்கைப் பாதுகாக்கும் சட்டத்துக்குத் துணைநின்றன. லிங்கன் ஜூன் 30 அன்று கையெழுத்திட்டார்.

ஆடம்ஸ் மனப்பூர்வமாக மதித்த முன்னோடி திமோத்தி ஓசல்லிவன். அரசு நில அளவைக் குழுவோடு போய் 1873-இல் அரிசோனாவின் கேன்யான் டி ஷேயில் வெள்ளை வீட்டு இடிபாட்டை எடுத்தவர். அவர் படங்கள் கொண்ட பழைய ஆல்பம் ஒன்று ஆடம்ஸிடம் இருந்தது. நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தின் 1937 ஒளிப்பட வரலாற்றுக் கண்காட்சிக்கு அதை அனுப்பிவைத்தார். பின்னர் 1940-களின் தொடக்கத்தில் அந்த இடிபாட்டை அவரே எடுத்தபோது, ஓசல்லிவன் நின்ற இடத்துக்கு மிக அருகில் நின்றிருந்தார். எடுத்த பிறகே அது உறைத்தது.

கொலோடியன் நீலத்தையும் புற ஊதாவையும் மட்டுமே பதியும். அதனால் நீல வானம் வெள்ளைத் தாளாகவும், செம்பாறை கறுத்தும் வரும். நிறம் முழுவதையும் பதியும் பான்குரோமேட்டிக் தட்டு வந்த பிறகுதான் ஆடம்ஸின் கறுத்த வானம் சாத்தியமானது. இதை உங்கள் படத்திலேயே பார்க்கலாம். பாறையும் வானமும் உள்ள ஒரே ராவ் கோப்பை எடுத்து மூன்று விதமாக மாற்றுங்கள்: நீலச் சேனல் மட்டும், இது 1870-கள், சிவப்பும் பச்சையும் சரிபாதி, இது மஞ்சள் ஃபில்டர், சிவப்புச் சேனல் மட்டும், இது மோனோலித். மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் எது கலைஞரின் முடிவு, எது ரசாயனத்தின் முடிவு என்பது விளங்கும். நீலச் சேனலில் தூரத்து மலைகள் பனிமூட்டமாக விலகி நிற்பதையும் பாருங்கள். அந்த ஆழம் சிவப்பில் காணாமல் போய்விடும்.

ஓவியர்களின் தாக்கம் உண்டா?

இங்கே வரிசை சிக்கலானது. ஓவியர் ஆல்பர்ட் பியர்ஸ்டாட் யோசெமிட்டிக்குப் போனது 1863-இல். அதற்கு முன்னரே வாட்கின்ஸின் ஒளிப்படங்கள் நியூயார்க்கில் காட்சிக்கு வந்திருந்தன. ஆக, ஓவியத்திலிருந்து ஒளிப்படம் கடன் வாங்கியது என்ற வழக்கமான கதை இங்கே செல்லாது. உயரத்தில் நின்று பள்ளத்தாக்கு முழுவதையும் பார்ப்பது, விலகும் புயலுக்கு நடுவே ஒளிக்கற்றை: இவை இரண்டு கலைக்கும் பொதுச்சொத்து. ஆடம்ஸின் ‘கிளியரிங் வின்டர் ஸ்டார்ம்’ அந்த மரபில் நிற்பதுதான், அவர் பியர்ஸ்டாட் பாணி நாடகத்தனத்தை விரும்பாவிட்டாலும்.

இன்னும் பயனுள்ள ஒப்பீடு ராஞ்சோஸ் டி டாவோஸ் தேவாலயத்தின் பின்சுவர். மண்ணால் கட்டிய, ஜன்னலில்லாத, பருத்த சுவர்த்தாங்கிகள் கொண்ட அந்தச் சுவரை ஜார்ஜியா ஓ’கீஃப் வரைந்தார். ஆடம்ஸும் ஸ்ட்ராண்டும் ஒளிப்படமெடுத்தார்கள். எல்லாமே சில வருட இடைவெளியில். மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் யார் நிழலை நம்பினார், யார் ஓரக்கோட்டை நம்பினார் என்பது தெரிந்துவிடும்.

சோன் சிஸ்டம் எங்கிருந்து வந்தது? நிஜத்தில் எப்படிப் பயன்பட்டது?

1939–40 வாக்கில் லாஸ் ஏஞ்சலஸின் ஆர்ட் சென்டர் பள்ளியில் எக்ஸ்போஷரையும் டெவலப்பிங்கையும் திட்டமிடும் இந்த முறையை ஆடம்ஸும் ஃபிரெட் ஆர்ச்சரும் சேர்ந்து வகுத்தார்கள். அடியில் இருப்பது 1890-இல் ஹர்ட்டரும் டிரிஃபீல்டும் வெளியிட்ட, ஒளிக்கும் அடர்த்திக்குமான கணக்கு. கறுப்பிலிருந்து வெள்ளை வரை ஒரு ஸ்டாப்புக்கு ஒரு படி. 5-ஆம் படி நடுச்சாம்பல். ஸ்வரம் எழுதிப் பழகியவர் தொனிக்கும் குறியீடு கேட்டதில் வியப்பில்லை.

1941 நவம்பர் 1 மாலை நியூ மெக்சிகோவில் எடுத்த ‘மூன்ரைஸ், ஹெர்னாண்டஸ்’ இதற்குச் சிறந்த பாடம். கல்லறைச் சிலுவைகளில் கடைசி வெயில், லைட் மீட்டர் கைக்கு அகப்படவில்லை. நிலவின் ஒளிர்வு சதுர அடிக்கு 250 கேண்டெலா என்பது நினைவில் இருந்தது. அதை 7-ஆம் படியில் வைத்தால் 5-ஆம் படி இரண்டு ஸ்டாப் கீழே, அதாவது சுமார் 60. அவருடைய சூத்திரப்படி ஃபிலிம் வேகம் 64-இன் வர்க்கமூலம் 8, எனவே எஃப்/8-இல் 1/60 விநாடி. ராட்டன் 15 மஞ்சள் ஃபில்டருக்கு மூன்று மடங்கு: 1/20. எஃப்/8-இலிருந்து எஃப்/32-க்கு நான்கு ஸ்டாப், பதினாறு மடங்கு: 0.8 விநாடி. கொடுத்தது ஒரு விநாடி. இரண்டாவது ஃபிலிமுக்குத் திருப்புவதற்குள் சிலுவைகளின் மேலிருந்து வெயில் போய்விட்டது.

முன்புறம் குறைவாகத்தான் பதிந்திருக்கும் என்பது அவருக்குத் தெரியும். அதனால் டி-23 டெவலப்பரில் அரை நிமிடம், பிறகு அசைக்காமல் வெறும் தண்ணீரில் இரண்டு நிமிடம் என்று பத்துமுறை மாற்றி மாற்றி வைத்தார். வெளிச்சப் பகுதியில் ஊறிய டெவலப்பர் சீக்கிரம் தீர்ந்து நின்றுவிடும். நிழலில் தீராமல் வேலை தொடரும். 1948-இல் நெகட்டிவின் கீழ்ப்பகுதியை மட்டும் ரசாயனத்தால் அடர்த்தியாக்கினார். முதல் பிரிண்ட்களில் வானத்தில் மேகங்கள் தெரியும். 1970-களின் பிரிண்ட்களில் வானம் ஏறக்குறைய கறுப்பு.

சோன் சிஸ்டத்தைத் தொடங்குபவர்கள் எங்கே தவறுகிறார்கள்?

நிழலை மீட்டரில் அளந்து, வந்த எண்ணை அப்படியே கேமராவில் போட்டுவிடுகிறார்கள். மீட்டர் எதைப் பார்த்தாலும் 5-ஆம் படி என்றே சொல்லும். நிழல் 3-ஆம் படியில் வேண்டுமானால் அந்த எண்ணிலிருந்து இரண்டு ஸ்டாப் மூட வேண்டும். வெண்பனிக்கு நேரெதிர்: இரண்டு ஸ்டாப் திறக்க வேண்டும்.

டெவலப்பிங் நேரத்தில் அடுத்த தவறு. கான்ட்ராஸ்ட் அதிகமுள்ள காட்சிக்கு நேரத்தை ஒரு படி குறைப்பது என்றால் வழக்கமாக 20 முதல் 30 சதவீதம். நேரம் ஐந்து நிமிடத்துக்குக் கீழே போனால் திட்டுத் திட்டாக வரும். அப்போது டெவலப்பரை நீர்க்கச் செய்து நேரத்தை நீட்டுங்கள். 35 மி.மீ. சுருளில் ஒவ்வொரு படத்துக்கும் தனி நேரம் முடியாது, ஒரே வெளிச்சத்தில் ஒரு சுருளை முடிப்பதே வழி.

டிஜிட்டலில் முறை தலைகீழ். நிழலைப் பிறகு தூக்கலாம், வெந்துபோன வெளிச்சத்தை மீட்க முடியாது. ஸ்பாட் மீட்டரில் மிக வெளிச்சமான, விவரம் தேவைப்படும் இடத்தை அளந்து இரண்டு அல்லது இரண்டரை ஸ்டாப் கூட்டுங்கள். உங்கள் கேமரா எங்கே வெளுக்கிறது என்பதை வெள்ளைத் துண்டு ஒன்றை மூன்றில் ஒரு ஸ்டாப் வீதம் கூட்டி எடுத்து ஒருமுறை சோதித்து எழுதி வைத்துக்கொண்டால் போதும்.

எழுத்தாளர்கள், இயற்கைப் பாதுகாப்பு இயக்கம்?

இரண்டும் உண்டு. எமர்சன், எட்வர்ட் கார்பென்டர் ஆகியோரை இளமையில் ஆழ்ந்து படித்தார். இயற்கைப் பாதுகாப்பு அமைப்பான சியரா கிளப்பில் 1919-இல் சேர்ந்து அதன் மலைப்பயணங்களில் படமெடுத்தார். 1938-இல் வெளியான சியரா நெவாடா படத்தொகுப்பு 1940-இல் கிங்ஸ் கேன்யான் தேசியப் பூங்கா உருவானதற்குக் கைகொடுத்தது. படத்தில் இதன் தடம் என்னவென்றால், அவருடைய பெரிய நிலக்காட்சிகளில் மனிதர்களும் சாலையும் பெரும்பாலும் இல்லை. அந்த நிலத்தில் காலங்காலமாக வாழ்ந்த பூர்வகுடிகளும் அதனால் படத்துக்கு வெளியே போய்விட்டார்கள் என்ற விமர்சனம் நியாயமானது.

இந்தப் படங்களை நல்ல தரத்தில் எங்கே பார்ப்பது?

அவருடைய ஆவணக் காப்பகம், அவரும் சேர்ந்து 1975-இல் நிறுவிய அரிசோனா பல்கலைக்கழகத்தின் படைப்பு ஒளிப்பட மையத்தில், டூசான் நகரில் இருக்கிறது. இணையத்தில் பார்க்க, அமெரிக்க தேசிய ஆவணக் காப்பகத்தின் 226 படங்கள் எளிது. தேசியப் பூங்காக்களைக் கவனிக்கும் அமெரிக்க உள்துறைக்காக 1941–42-இல் எடுத்தவை, எனவே காப்புரிமை இல்லாதவை, யாரும் பயன்படுத்தலாம். டீட்டன் மலைகளும் ஸ்நேக் நதியும் உள்ள படம் அதில்தான் இருக்கிறது. வாயேஜர் விண்கலங்களின் தங்கத் தட்டில் 1977-இல் அனுப்பப்பட்ட படம். ஸ்கேனைத் தரவிறக்கி ஹிஸ்டோகிராமோடு (கறுப்பு முதல் வெள்ளை வரை எவ்வளவு இருக்கிறது என்று காட்டும் வரைபடம்) பாருங்கள். சுத்தக் கறுப்பும் சுத்த வெள்ளையும் எவ்வளவு சிறிய பரப்பில் வருகின்றன என்பதைக் கவனித்த பிறகு, உங்கள் படத்தில் கான்ட்ராஸ்ட் ஸ்லைடரைத் தொடுங்கள்.